பதினோராம் பக்கம்

நீங்கள் கொடுத்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஓர் அட்டையை இரண்டாக மடித்து அடியில் வைத்துக்கொண்டேன், இப்போது ஆடவில்லை. இந்த அறைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருப்பார்கள். அத்தனை பேரும் ஆடிக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. மனிதர்களைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று காலையில் கேட்டீர்கள். இதைத்தான் நினைக்கிறேன்.

நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதச் சொல்லித் தாள்களைக் கொடுத்திருக்கிறீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனன் இறந்ததில் எனக்கு வருத்தம் இருக்கிறது. என் மனைவிக்கு ஒரே தம்பி. வேலை பார்த்த ஒலிப்பதிவுக் கூடத்தில் தீப்பிடித்து, புகையில் மூச்சு முட்டி, நாற்பத்தோராவது வயதில் போய்விட்டான். அதற்கு நான் காரணமா என்று விசாரிக்கிறீர்கள். நான் செய்தது ஒரு சோதனை. எழுதியது ஓர் அறிக்கை. பிறகு தொலைபேசியில் இரண்டு தடவை பேசினேன். எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். கடைசிவரை படிக்க முடிந்தால் படியுங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான்.

கணினிக்குள் போகும் உதிரிபாகங்களைச் சோதிக்கும் நிறுவனத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். ஒரு பொருள் எவ்வளவு மின்சாரம் தின்கிறது, எவ்வளவு சூடாகிறது, இரண்டையும் அளந்து சொல்ல வேண்டும். எங்கள் முத்திரை இல்லாமல் அது கடைக்குப் போகாது. என் அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவிடுக்கில் துணி செருகியிருப்பேன், காற்று அசைந்தால் சூடு மாறிவிடும். நடுவில் ஒரு மேசை. அதன்மேல் கணினியின் பாகங்களை இணைக்கும் தட்டையான மதர்போர்டு படுத்திருக்கும். சோதிக்க வேண்டிய கார்டை அதில் செங்குத்தாகச் செருகுவேன். சூடு அளக்கும் மெல்லிய கம்பிகள் பதினாறு வைத்திருக்கிறேன். நுனியை எங்கே ஒட்டுகிறோமோ அந்த இடத்தின் சூட்டைச் சொல்லும். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாட் மீட்டர் எண்ணும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை எல்லா எண்களையும் என் நோட்டில் கையால் எழுதிக்கொள்வேன். கணினியே எழுதிவைக்கும், இருந்தாலும் எழுதுவேன். ஐந்து தடவை தொடர்ந்து ஒரே எண் வந்தால்தான் சூடு நிலைத்துவிட்டது என்று பொருள். அதுவரை நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

அளந்ததையெல்லாம் பன்னிரண்டு பக்க அறிக்கையாக எழுதுவேன். முதல் பக்கத்தில் வண்ணப் பட்டைகள் இருக்கும். பச்சை என்றால் தேறிவிட்டது, சிவப்பு என்றால் தேறவில்லை. உலகம் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். எங்கள் மேலாளருக்கு ரப்பர் என்று பெயர், ரப்பர் ஸ்டாம்ப் என்பதன் சுருக்கம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் நடுவே பத்துப் பக்கங்கள் இருக்கின்றன என்பது அவரைப் பொறுத்தவரை ஒரு வதந்தி.

இதை நான் சும்மா சொல்லவில்லை, சோதித்துப் பார்த்திருக்கிறேன். ஏழு வருடத்துக்கு முன் ஓர் அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில், "சோதனையாளரின் வலது செருப்பு: முப்பத்தொரு டிகிரி" என்று ஒரு வரி சேர்த்தேன். ரப்பர் கையெழுத்துப் போட்டார். தயாரித்தவர்கள் நன்றி சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். அடுத்த அறிக்கையில் என் மனைவியின் கோபம் எத்தனை வாட் என்று எழுதினேன். அதற்கடுத்ததில் ஓர் அட்டவணையையே தலைகீழாக அச்சிட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். செவிடனாவது ஊதுகிறவனின் கன்னம் உப்புவதைப் பார்த்திருப்பான். இவர்களை நுனிப்புல் மேய்கிறவர்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. வேலிக்கு வெளியே நின்று, உள்ளே பச்சையாக ஏதோ இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள்.

வீட்டிலும் அதே கதைதான். உபரிப் பிரதிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து வைப்பேன். என் மனைவி அவற்றை அலமாரித் தட்டில் விரிப்பாள். மைத்துனன் வந்தால் மிச்சத்தைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போவான். "பழைய பேப்பர்தானே அத்தான், நான் எடுத்துக்கறேன்" என்பான். எதையாவது துடைக்கவோ சுற்றவோ வேண்டியிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அவனுக்குக் காது என்று பெயர் வைத்தது நான்தான். பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசிக்கவைத்துப் பதிவு செய்யும் சின்னக் கூடம் ஒன்றில் அவன் ஒலிப்பதிவாளன். பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்துவிட்டது. இரண்டு அறை தள்ளிக் குழாய் சொட்டினால் அவனுக்குக் கேட்கும், பேச்சை நிறுத்திவிட்டுப் போய் மூடிவிட்டு வருவான். யார் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து முழுவதுமாகக் கேட்பான். அதனாலேயே வீட்டில் எல்லோரும் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். படிக்கும்போது உதடு அசையும். உதட்டை அசைக்காமல் படிக்கத் தெரியாத ஒருவனைப் படிக்கிறவர்கள் பட்டியலில் நான் சேர்த்ததில்லை. மற்றபடி கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். உப்புக்குச் சப்பாணியாக எல்லாக் குடும்பத்திலும் ஒருவன் இருப்பான். எங்கள் குடும்பத்தில் இவன்.

போன வருடம் அந்த கார்டு சோதனைக்கு வந்தது. திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டுகளின் மேல் வழக்கமாக ஒன்றோ இரண்டோ விசிறி சுழன்றுகொண்டிருக்கும். இதில் விசிறியே இல்லை. அலுமினியத் தகடுகள் மட்டும், சீப்புப் பற்கள்போல நெருக்கமாக. சூடான காற்று தானாக மேலே எழும், கீழேயிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். அவ்வளவுதான் ஏற்பாடு. சத்தம் கிடையாது. வேலை செய்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள மீட்டரைத்தான் பார்க்க வேண்டும். தம்பட்டம் அடிக்காத பொருள். எனக்குப் பிடித்திருந்தது.

மேசையில் ஒழுங்காக நடந்துகொண்டது. மதர்போர்டின் பங்கைக் கழித்தால், சும்மா இருக்கும்போது ஒன்பது வாட், முழு வேலையில் எழுபத்தொன்று. விசிறி வைத்தவை பத்து நிமிடத்தில் நிலைத்துவிடும், இதற்கு ஐம்பத்தேழு நிமிடம் ஆனது. கார்டில் கணக்குப் போடுகிற சில்லு எழுபத்தெட்டு டிகிரி. மின்சாரம் உள்ளே நுழைகிற கனெக்டர் ஐம்பத்து நான்கு. எல்லாம் பச்சை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மேசையில் மதர்போர்டு படுத்திருக்கிறது, அதனால் கார்டு நிற்கிறது. வீட்டில் கணினிப் பெட்டி நிற்கிறது, அதனால் உள்ளே கார்டு படுத்துவிடுகிறது, தகடுகள் தரையைப் பார்த்தபடி. விசிறி இருந்தால் நின்றாலும் படுத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. விசிறி இல்லாதது படுத்தால் சூடான காற்றுக்கு மேலே போக வழியில்லை, தகடுகளுக்கு நடுவிலேயே அடைந்து கிடக்கும். எங்கள் சோதனை விதிகளை எழுதியவர்கள் விசிறி இல்லாத கார்டைக் கண்ணால் பார்த்ததில்லை. மேசை என்று எழுதிவிட்டார்கள், எல்லோரும் மேசையில் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேரில் இதைக் கவனிக்க நான் ஒருவன் வேண்டியிருந்தது.

வீட்டிலிருந்து என் பழைய கணினிப் பெட்டியைத் தூக்கிவந்தேன். கார்டை உள்ளே வைத்து, பெட்டியை மூடி, நிற்கவைத்து, முழு வேலை கொடுத்தேன். இரண்டு மணி ஒன்பது நிமிடத்தில் நிலைத்தது. சில்லு தொண்ணூற்றொன்று, அதன் எல்லைக்குள்தான். கார்டு தன் சில்லின் சூட்டைத் தானே கவனிக்கும், மிஞ்சிப் போனால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கனெக்டரை அது கவனிப்பதில்லை. உள்ளே ஓடும் மின்சாரத்தால் கனெக்டர் தனியாகவும் சூடாகும். அங்கே என் கம்பி ஒன்று இருந்தது. நூற்றுப் பதினேழு காட்டியது. அந்த பிளாஸ்டிக் தாங்குவது நூற்றைந்து. வேலை கூடாமலேயே மின்சாரமும் எழுபத்தொன்றிலிருந்து எழுபத்தாறுக்கு ஏறியிருந்தது. சூடான சில்லு அதே வேலைக்கு அதிகம் தின்னும், தின்றதால் இன்னும் சூடாகும். பெட்டியைத் திறந்து ஒரு குச்சியால் அழுத்திப் பார்த்தேன். கனெக்டரின் ஓரம் மெழுகுபோல அமுங்கியது. நாள் முழுவதும் ஓடுகிற இடத்தில் என்ன ஆகும் என்று கணக்குப் போடத் தனியாக ஒரு மூளை தேவையில்லை.

இதைப் பதினோராம் பக்கத்தில் எழுதினேன். சுற்றி வளைக்காமல், எண்களோடு. "மூடிய பெட்டியில் கார்டு படுத்த நிலையில் இருந்தால் கனெக்டர் நூற்றுப் பதினேழு டிகிரியை எட்டுகிறது. அப்படிப் பயன்படுத்தக் கூடாது." இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியாது. அறிக்கையை ரப்பரிடம் நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பச்சைதானே?" என்றார்.

"மேசை டெஸ்ட்ல பச்சை சார். பதினோராம் பக்கத்துல ஒரு குறிப்பு இருக்கு, ஒரு பார்வை பாத்துடுங்க."

"நீங்க பாத்துட்டீங்கள்ல? அப்புறம் நான் வேற எதுக்கு?"

கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் தயாரிப்பாளரின் ஆள் வந்தார். பல் தெரியச் சிரிக்கிற ரகம். முதல் பக்கத்தை போனில் படம் பிடித்துக்கொண்டார்.

"சார், இந்தப் பச்சைப் பட்டைய இன்னும் கொஞ்சம் பெருசா போட முடியுமா? விளம்பரத்துல எடுப்பா இருக்கும்."

"பதினோராம் பக்கம் பாத்தீங்களா?"

"அதெல்லாம் எங்க டெக்னிக்கல் ஆளுங்க பாப்பாங்க சார்."

அவர்களுக்கு நான் வாய்ப்புக் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் சோதனையாளர் முதல் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்டு முத்திரையை நிறுத்திவைக்கலாம் என்று எங்கள் விதிகளில் ஓர் உட்பிரிவு உண்டு. அந்த உட்பிரிவைப் படித்தவனும் நான் ஒருவன்தான். நான் கோடு போடவில்லை. போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிவப்பைப் பார்த்து நின்றிருப்பார்கள். மாடுகூட நிறத்தைப் பார்த்து நிற்கும். அதைப் படித்தது என்று சொல்ல முடியாது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, ஒரு பக்கத்தைப் படிக்காமல் விட்டால் ஏதாவது நடக்கும் என்ற நிலைமை வந்திருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கார்டு கடைக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வீட்டுக்கு வந்தான். கூடத்தில் இருக்கும் கணினியின் விசிறிச் சத்தம் மைக்கில் விழுகிறது என்று புலம்பினான். சத்தத்தை நீக்கும் மென்பொருளை நாள் முழுவதும் ஓட்டுவானாம், அது கிராஃபிக்ஸ் கார்டில்தான் ஓடுமாம், அதை ஓட்டினால் கார்டின் விசிறி இன்னும் வேகமாகச் சுற்றுமாம்.

என் மனைவி சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "உங்க ஆபீஸ்ல சத்தமே வராத கார்டு ஒண்ணு வந்திருக்குன்னு சொன்னீங்களே. அத இவனுக்குச் சொன்னா என்ன, வாயில இருக்கற முத்தா கொட்டிடும்?"

பெயரைச் சொன்னேன். அறிக்கையின் பிரதி ஒன்றும் கொடுத்தேன். "ரொம்ப நன்றி அத்தான்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவன் அதைப் படிப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் கூடத்தில் பெட்டியை எப்படி வைத்திருக்கிறான் என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. இதுவரை என் பக்கம் தவறு எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு, அலுவலகத்துக்கு போன் செய்தான்.

"அத்தான், வேலையா இருக்கீங்களா? அந்தப் பதினோராம் பக்கத்தப் பத்தி ஒண்ணு கேக்கணும்."

அந்த வார்த்தையை இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை.

"கார்ட வாங்கி மாட்டியாச்சு. நம்ம பொட்டிய ஒரு மர அலமாரிக்குள்ள வச்சிருக்கோம். அது ஒடுக்கமான அலமாரி, பொட்டிய நிக்கவச்சாதான் உள்ள போகும். பொட்டி நின்னா கார்டு படுத்துடுதே. நீங்க மேசையில கார்ட நிக்கவச்சுத்தான எழுபத்தெட்டு போட்டிருக்கீங்க? படுத்தா கனெக்டர் நூத்திப் பதினேழுன்னு எழுதியிருக்கீங்க. எங்க அலமாரிக்குள்ள சத்தத்துக்காகச் சுத்தி ஃபோம் வேற ஒட்டியிருக்கு. நான் புரிஞ்சுக்கிட்டது சரியா?"

சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தான். ரப்பருக்கும், தயாரிப்பாளரின் ஆட்களுக்கும், பெயருக்குப் பின்னால் நான்கு பட்டம் போட்டுக்கொள்கிற யாருக்கும் எட்டாதது அவனுக்கு எட்டியிருந்தது.

"எதுக்கு நீ இதெல்லாம் படிக்கற?" என்றேன்.

"நீங்க எழுதினது எல்லாத்தையும் படிச்சிருக்கேன் அத்தான். வீட்லருந்து கட்டு கட்டா எடுத்துட்டுப் போவேன்ல?" சிரித்தான். "மொதல்ல ஒண்ணும் புரியாது. வாய்விட்டுப் படிச்சாக் கொஞ்சம் கொஞ்சமா புரியும். புரியாதத நோட்டுல எழுதிவச்சு அப்புறம் தேடுவேன். அந்தச் செருப்பு மேட்டர் இருக்கே, அன்னிக்குப் பூரா சிரிச்சேன். இன்னொண்ணுல, இந்த வரியப் படிச்சவங்க வந்து சொன்னா காபி வாங்கித் தர்றேன்னு எழுதியிருந்தீங்களே. வந்து கேக்கலாமான்னு ரொம்ப நாள் நெனச்சேன். பெரிய பெரிய இன்ஜினியருங்களுக்கு எழுதினது, நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

காபி வரியை நான் எழுதியது உண்மை. நான்காவது வருடமோ ஐந்தாவது வருடமோ, எனக்கு இன்னும் நம்பிக்கை இருந்த காலத்தில். ஒரு மாதம் வரைக்கும் கதவு தட்டப்படும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் காத்திருந்த ஆள் எப்படி இருப்பார் என்று மனத்தில் ஓர் உருவம் வைத்திருந்தேன். வயதானவர், அதிகம் பேசாதவர், தொழில் தெரிந்தவர். அறிக்கையை மேசையில் வைத்து, அந்த வரியின்மேல் விரலை வைத்து, இதை எழுதியது யார் என்று கேட்பார். பத்தொன்பது வருடம் கழித்து வந்து நின்றது காது. உதட்டை அசைத்துப் படிக்கிறவன். அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறவன். எனக்கு வந்தது கோபமில்லை, அருவருப்பு. ஒரு விருந்தாளிக்கென்று எடுத்துவைத்ததை வழியில் போகிறவன் உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருந்தது என்று சொன்னால் எப்படி இருக்கும்? இவன்தான் என் வாசகன் என்று ஒப்புக்கொண்டால், இத்தனை வருடமும் நான் எழுதியது இவனுக்காக என்று ஆகிவிடும்.

"அது அச்சுப் பிழை," என்றேன். "எழுபத்தொண்ணுன்னு இருக்கணும். பொட்டி தாராளமா நிக்கட்டும்."

"அப்படியா? நல்லதாப் போச்சு அத்தான். நான் பயந்தே போயிட்டேன்."

பென்சில் தாளில் ஓடும் சத்தம் கேட்டது. எழுதிக்கொண்டிருந்தான். பெட்டியை வெளியே எடுத்துத் தரையில் படுக்க வை என்று நான் சொல்லியிருக்கலாம். ஆறு வார்த்தை. பெட்டி படுத்தால் கார்டு நின்றிருக்கும், காற்று எழுந்திருக்கும், அவன் இருந்திருப்பான். வாயில் முத்து எதுவும் கொட்டியிருக்காது.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டான். இதை நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. தொலைபேசிப் பட்டியல் உங்கள் கோப்பில் இருக்கிறது, புரட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"அத்தான், தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. அலமாரிக் கதவத் தொட்டாச் சுடுது. லேசா ஒரு வாசனையும் வருது. மீட்டர் ஒண்ணு வாங்கி வச்சேன். மொத நாள் காட்டினதவிட இப்ப அஞ்சு வாட் அதிகமாக் காட்டுது, வேலை என்னவோ அதே வேலைதான். ஒரு நடை வந்து உங்க கம்பிய வச்சுப் பாக்கறீங்களா? நானும் பக்கத்துல நின்னு கத்துக்குவேன்."

ஐந்து வாட். என் கணக்கும் அதே ஐந்துதான். கடையில் வாங்கிய மீட்டரை வைத்துக்கொண்டு சரியாக அளந்திருக்கிறான்.

"புதுசுன்னா வாசனை இருக்கத்தான் செய்யும்," என்றேன். "எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு. அப்புறம் வர்றேன்."

"சரி அத்தான். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

போனை வைத்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஏன் என்று சொல்கிறேன். அவன் கையில் என் அறிக்கை இருந்தது. மீட்டர் இருந்தது. கை சுட்டது, மூக்கு சொன்னது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, போனில் ஒருவன் சொன்ன ஒரு வார்த்தையை நம்பினான். கடைசியில் அவனும் ரப்பரைப் போலத்தான். உண்மையாகப் படித்தவன் என்றால் எழுதியதைத்தான் நம்பியிருப்பான், எழுதியவனை நம்பியிருக்க மாட்டான். அந்தச் சோதனையில் அவன் தேறவில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஒன்பது நாள் கழித்து, பிற்பகல் மூன்றரை மணிக்குத் தீப்பிடித்தது. கண்ணாடி அறைக்குள் ஓர் அம்மா ஹெட்போன் மாட்டிக்கொண்டு புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார், அவருக்கு எதுவும் தெரியவில்லை. காது கதவைத் திறந்து, ஹெட்போனைப் பிடுங்கி, அவரை வெளியே தள்ளியிருக்கிறான். அதன் பிறகு திரும்ப உள்ளே போயிருக்கிறான். பதிவு செய்த டிஸ்குகளை எடுக்கவாம். ஒரு வருடத்து வேலை, கேட்கக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனானாம். சத்தம் புகாத அறைக்குள் காற்றும் புகாது. ஃபோம் எரிந்த புகையில் நான்கு நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்திருக்க மாட்டான் என்று உங்கள் தீயணைப்பு அதிகாரி எழுதியிருக்கிறார். நான்கை அவர் எப்படி அளந்தார் என்று எழுதவில்லை.

ஒரு வாரம் கழித்து என் மனைவி தம்பியின் அறையைச் சுத்தம் செய்யப் போனாள். வரும்போது ஒரு பெரிய கட்டைச் சுமந்துகொண்டு வந்தாள். என் அறிக்கைகள். ஒன்று விடாமல் தேதி வாரியாக அடுக்கி, ஓரத்தில் துளை போட்டு, நூலால் கட்டியிருந்தான். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. எல்லாவற்றுக்கும் மேலே இந்தக் கடைசி அறிக்கை. பதினோராம் பக்கத்தின் ஓரத்தில் அவன் கையெழுத்து: "அத்தானிடம் கேட்டேன். அச்சுப் பிழை. எழுபத்தொன்று எனத் திருத்திக்கொள்ளவும்."

அதை என் முன்னால் வைத்தாள். "அச்சுப் பிழைன்னு நீங்க சொன்னீங்களா?"

"படிக்கத் தெரியாதவன் எதையாவது கிறுக்கிவச்சிருப்பான்."

அவள் உள்ளே போய் என் பையிலிருந்த சோதனை நோட்டை எடுத்துவந்து பக்கத்தில் விரித்து வைத்தாள். கனெக்டர் என்ற தலைப்புக்குக் கீழே ஐந்து தடவை தொடர்ந்து நூற்றுப் பதினேழு, என் கையெழுத்தில்.

"அவனுக்கு நல்லாத்தான் படிக்கத் தெரிஞ்சிருக்கு," என்றாள். "உங்கள மட்டும்தான் படிக்கத் தெரியல."

இரண்டையும் எடுத்துக்கொண்டு அவள்தான் உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அலமாரித் தட்டில் விரித்த தாள்களையாவது இனிமேல் எடுத்துப் பார்ப்பாள்.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு நேரான பதிலை எழுதிவிடுகிறேன். ஆமாம். படுத்த கார்டில் கனெக்டர் இளகும் என்று எனக்குத் தெரியும். அந்த அலமாரிக்குள் கார்டு படுத்துத்தான் இருக்கிறது என்று தெரியும். சுற்றிலும் ஃபோம் இருப்பது தெரியும். அவன் இரண்டு முறை கேட்டான், இரண்டு முறையும் பொய் சொன்னேன். தீப்பிடிக்கும் என்று எதிர்பார்த்தீர்களா என்று கேட்டீர்கள். எதிர்பார்த்தேன். இரண்டாவது போனுக்குப் பிறகு எத்தனை நாள் தாங்கும் என்று நோட்டின் கடைசித் தாளில் ஒரு கணக்கும் போட்டேன். பன்னிரண்டு நாள் வந்தது. மூன்று நாள் பிசகிவிட்டது.

அதே கார்டு இன்னும் எத்தனையோ வீடுகளில், நிற்கிற பெட்டிகளுக்குள் படுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாளாக என்னை விசாரிக்கிறீர்கள், அதைப் பற்றி ஒரு கேள்வி வரவில்லை. பதினோராம் பக்கம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

அவன் படித்தானே, நான் சொல்வது பொய்யாகிவிட்டதே என்று என் மனைவி நினைக்கிறாள். நீங்களும் நினைக்கலாம். அளக்கிற தொழில் தெரியாதவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். பத்தொன்பது வருடம், நூற்று நாற்பத்து மூன்று அறிக்கைகள், ஆயிரக்கணக்கான கைகளுக்குப் போயிருக்கின்றன. எல்லாப் புள்ளியும் ஓரிடத்தில் விழுந்து, ஒன்று மட்டும் தனியாகத் தள்ளி விழுந்தால் அதற்காக முடிவை மாற்றிக்கொள்வதில்லை. அந்த ஒன்றைப் பிழை என்று நீக்கிவிடுவோம். நீக்கிவிட்டுப் பார்த்தால் என் முடிவு சரியாகத்தான் இருக்கிறது: நான் எழுதியதை இதுவரை ஒருவரும் படித்ததில்லை.